சிரிப்புப் படப்புத்தகக்காரர் வருகிறார்: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கதை நேரம் நடத்துகிறோம். ஆண்டுக்கு ஒருமுறையாவது, சிரிப்புக் கதை எழுதி அதற்குப் படமும் தானே வரைகிற ஒருவரை அழைத்து வந்து பிள்ளைகள் நடுவில் உட்கார வைத்துவிடுவோம். அதைக் கேள்விப்பட்டு மற்ற பள்ளிக்கூடங்களில் இருந்தும் அழைப்பு வரும். "எங்க ஸ்கூல்லயும் வைக்கணும், எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்பார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன்.

படப்புத்தகம் என்றால் காமிக்ஸ்தானே?

இல்லை. காமிக்ஸில் கதை கட்டம் கட்டமாக ஓடும், பேச்சு பலூனுக்குள் இருக்கும். படப்புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க, பல சமயம் எதிரெதிர் இரண்டு பக்கமும் சேர்ந்து, ஒரே படம். கூடவே ஒன்றிரண்டு வரி. வரியைப் பெரியவர் வாசிப்பார், படத்தைக் குழந்தை வாசிக்கும். பாதிக் கதை எழுத்தில் இருக்கும், மீதி படத்தில் இருக்கும். எழுத்தை மட்டும் தொலைபேசியில் வாசித்துக் காட்டினால் கேட்பவருக்குக் கதை புரியக் கூடாது. புரிந்துவிட்டால் அதில் படம் வெறும் அலங்காரம் என்று அர்த்தம்.

பெரும்பாலும் 16, 24 அல்லது 32 பக்கம் இருக்கும். பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அச்சடித்து மடித்து வெட்டுவதால் இந்தக் கணக்கு. அச்சகத்தில் அந்த மடிப்பை ஃபாரம் என்பார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கையில் இருக்கும் புத்தகங்களை எல்லாம் எடுத்துப் பக்கம் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

எழுத்துக்கும் படத்துக்கும் நடுவில் சிரிப்பு எப்படி வருகிறது?

நம் எல்லோருக்கும் தெரிந்த கதையிலிருந்தே சொல்கிறேன். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய பரமார்த்த குருவின் கதை. 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிட்டார். குருவும் ஐந்து சீடர்களும் பயந்து பயந்து ஆற்றைக் கடந்து கரையேறுகிறார்கள். எல்லோரும் வந்துவிட்டார்களா என்று ஒரு சீடன் எண்ணுகிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான், ஐந்துதான் வருகிறது. ஆறு ஒருவரை விழுங்கிவிட்டது என்று ஒரே ஒப்பாரி.

காதால் மட்டும் கேட்டால் நாலு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு பிடிபடாது. அதையே படப்புத்தகமாக நினைத்துப் பாருங்கள். கீழே எழுத்து: "ஐந்து பேர்தான் இருக்கிறோம்!" மேலே படத்தில் ஆறு பேர் ஈரம் சொட்டச் சொட்ட நிற்கிறார்கள். பிள்ளை விரல் வைத்து எண்ணும். மறுபடி எண்ணும். "ஆறு பேர் இருக்காங்க! அவனை விட்டுட்டு எண்றான்!" என்று எழுந்து நின்று கத்தும். எழுத்து ஒன்றைச் சொல்கிறது, படம் இன்னொன்றைச் சொல்கிறது, உண்மை எதுவென்று கண்டுபிடித்தது குழந்தை. அந்த இடத்தில்தான் சிரிப்பு வெடிக்கிறது. ஆறு ஒருவரை விழுங்கவில்லை, ஆறு பேரும் கரையில்தான் இருக்கிறார்கள் என்று 'ஆறு' என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்வது தமிழில் கிடைக்கும் கூடுதல் லாபம்.

இதை ஒரு ஓவியர் எங்கள் கரும்பலகையில் வரைந்து காட்டினார். முதலில் எண்ணுகிறவனின் முகம். அடுத்து அவன் சுட்டுவிரல். அந்த விரலிலிருந்து ஒவ்வொரு தலைக்கும் ஒரு புள்ளிக்கோடு. ஐந்து தலையையும் தொட்ட கோடு கடைசியில் அவன் மூக்குக்கு ஒரு அங்குலம் வரை வந்து, அப்படியே வளைந்து திரும்பிப் போய்விட்டது. அந்த வளைவைப் போட்டதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதுவரை அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு சாக்பீஸ் கோடு, அவ்வளவுதான்.

நான் இந்தச் சந்திப்புகளை விடாமல் நடத்துவதற்குக் காரணம் இதுதான். கதை சொல்ல நம் ஊரில் ஆள் உண்டு, பாட்டியே போதும். சிரிப்பு எந்தக் கோட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று பிள்ளைகளின் கண்ணெதிரே செய்து காட்ட அந்தக் கைக்குச் சொந்தக்காரர்தான் வரவேண்டும். கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாமே அந்தக் கையைப் பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்ப்பதற்காகத்தான்.

யூடியூபில் வரைந்து காட்டும் வீடியோ நிறைய இருக்கிறதே?

அதில் தப்பான கோட்டை வெட்டி எடுத்துவிடுவார்கள். நேரில் வெட்ட முடியாது. யானை வரையப் போய்த் தும்பிக்கை நீண்டு தாளுக்கு வெளியே போய்விட்டால், வந்தவர் பக்கத்துத் தாளை ஒட்டித் தொடர்ந்து வரைவார், அல்லது அழிரப்பரைத் தேடுவார், அல்லது "இப்ப என்ன பண்ணலாம்?" என்று பிள்ளைகளையே கேட்பார். பெரியவர் ஒருவர் தப்பு செய்கிறார், வெட்கப்படாமல் அதிலிருந்தே அடுத்ததைச் செய்கிறார். நம் பிள்ளைகள் இதை வகுப்பறையில் அதிகம் பார்ப்பதில்லை.

எந்த வயதுப் பிள்ளைகள்? எத்தனை பேர்? எவ்வளவு நேரம்?

நாலு முதல் ஆறு வயது என்றால் அரைமணி நேரம். ஏழு முதல் பத்து வயது என்றால் ஒரு மணி நேரம் வரை தாங்கும். இந்த இரண்டு வயதுப் பிரிவையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். சின்னவர்களுக்குப் பன்றி சேற்றில் விழுந்தாலே போதும்; பெரியவர்களுக்கு விழுந்தது ஏன் என்றும் தெரிய வேண்டும்.

முப்பது, மிஞ்சிப் போனால் நாற்பது பேர். முந்நூறு பேரை மைதானத்தில் உட்கார வைத்து மைக்கில் பேச வைத்தால் வந்தவர் எறும்பு சைஸில் தெரிவார். அவர் கை தெரியாது. எல்லா வகுப்பும் பார்க்க வேண்டும் என்று தலைமை ஆசிரியர் விரும்பினால் ஒரே நாளில் மூன்று அமர்வாகப் பிரியுங்கள். நடுவில் வந்தவருக்கு டீயும் அரைமணி ஓய்வும் கொடுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். தொண்டையும் கட்டும், கையும் வலிக்கும்.

வருவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

புத்தகத்தைப் படிக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வருகிறவரின் புத்தகம் குறைந்தது இரண்டையாவது பதினைந்து நாள் முன்பே வாங்கிவிடுங்கள். வகுப்பில் மூன்று நான்கு முறை சத்தமாக வாசியுங்கள். முதல் தடவை கதைக்காக. இரண்டாம் தடவை எழுத்தைத் தொடாமல் படங்களை மட்டும் மெதுவாகத் திருப்பிக் காட்டுங்கள். ஓரத்தில் பூனை ஒன்று ஒவ்வொரு பக்கத்திலும் மீனைத் திருடிக்கொண்டிருக்கும், நம் கண்ணுக்குப் பட்டிருக்காது, கடைசி பெஞ்சுப் பிள்ளை கண்டுபிடிக்கும். அப்படி ஒன்றைக் கண்டுபிடித்த பிள்ளை, வரைந்தவரிடம் கேட்கச் சொந்தமாக ஒரு கேள்வியோடு வரும். படிக்காமல் வந்த பிள்ளைக்கு வந்தவர் யாரோ ஒரு சார். படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு அவர் அந்தப் பூனைக்காரர்.

அவருடைய பிறந்த ஊர், படிப்பு, விருதுகளை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். பரீட்சை ஆகிவிடும்.

புத்தகம் வாங்கப் பணமில்லை.

வருகிறவரின் புத்தகம் ஒரு பிரதியாவது வேண்டும்; நூலகத்தில் கேளுங்கள், பதிப்பகத்திடம் பள்ளிக்கான கழிவு கேளுங்கள். ஒரு பிரதியை வைத்தே ஆறேழு பேராகக் கூட்டம் கூட்டமாக வாசிக்கலாம். படம் பார்த்துப் பழகுவதற்கு மற்ற புத்தகங்களும் போதும். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படப்புத்தகங்கள் நிறைய உண்டு. இலவசமாக இறக்கி அச்செடுக்கலாம், திரையிலும் காட்டலாம், உரிமச் சிக்கல் இல்லை. அரசுப் பள்ளி என்றால் வாசிப்பு இயக்கத்தின் 'நுழை, நட, ஓடு, பற' புத்தகங்கள் உங்கள் பீரோவிலேயே இருக்கலாம். முதலில் சாவியைத் தேடுங்கள்.

யாரை அழைப்பது? எங்கே தேடுவது?

பிள்ளைகள் எந்தப் புத்தகத்தைக் கிழியக் கிழியப் படிக்கிறார்களோ அதைத் திருப்பி, உள்பக்கத்தில் பதிப்பக முகவரியைப் பாருங்கள். பதிப்பகத்துக்கு எழுதினால் அவர்கள் சொல்லிவிடுவார்கள். சென்னையில் தாரா, துலிகா இரண்டும் 1990களிலிருந்து படப்புத்தகங்கள் போட்டு வருகிறார்கள். ஜனவரி வாக்கில் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சியிலும், மாவட்டப் புத்தகத் திருவிழாக்களிலும் சிறார் அரங்குகளில் நின்றால் எழுதுகிறவர்களையும் வரைகிறவர்களையும் நேரிலேயே பிடிக்கலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. அங்கே நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால், யார் பிள்ளைகளோடு தரையில் உட்காருகிறார், யார் நாற்காலியைத் தேடுகிறார் என்று தெரிந்துவிடும்.

தமிழில் கதை ஒருவர், படம் ஒருவர் என்பதே அதிகம். அப்படியானால் இருவரையும் அழையுங்கள். "நான் காக்கான்னுதான் எழுதினேன், இவர் அதுக்குச் செருப்பு மாட்டிவிட்டார்" என்று ஒருவர் மற்றவரைப் பற்றிச் சொல்லும்போது பிள்ளைகளுக்கு அது ஒரு தனிக் கதை.

பணம் தர வேண்டுமா? குழந்தைகளுக்காகத்தானே வருகிறார்?

தர வேண்டும். ஒரு நாள் வந்து போனால் அவருக்கு ஒரு நாள் வேலை போகிறது. படப்புத்தக ஓவியத்தில் கிடைக்கும் வருமானம் எவ்வளவு குறைவு என்று தெரிந்தால் நமக்கே கூச்சமாக இருக்கும். போக்குவரத்து, தங்கும் இடம், சாப்பாடு, சன்மானம் நாலையும் அழைக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பேச்சில் விட்டுவிட்டுக் கடைசியில் கவரைக் கையில் திணிப்பது மரியாதை இல்லை. எங்களிடம் பணம் குறைவாக இருந்த ஆண்டில் அதை முதல் கடிதத்திலேயே எழுதினோம். அவர் சம்மதித்து வந்தார். மறைத்திருந்தால் வந்திருப்பாரா தெரியாது.

பொன்னாடை, வரவேற்புரை, குத்துவிளக்கு?

பிள்ளைகள் உள்ளே வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன், காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் நான் ஏற்பாடு செய்த சந்திப்பு. காலை பத்து மணிக்குப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக உட்கார வைத்துவிட்டார்கள். முக்கிய விருந்தினர் வரப் பதினொன்று. பிறகு வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, ஆளுக்கொரு சால்வை, நினைவுப் பரிசு. ஓவியர் எழுந்து சாக்பீஸைக் கையில் எடுத்தபோது மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. முன்வரிசையில் ஒரு சிறுமி அவர் புத்தகத்தை மடியில் திறந்து வைத்தபடியே தூங்கிவிட்டிருந்தாள். அவர் அவளை எழுப்ப வேண்டாம் என்றார். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தூங்கும் பூனைக்குட்டி ஒன்றை வரைந்துவிட்டு எழுந்தார். அன்றைக்கு அந்தப் பள்ளியில் நடந்த ஒரே நல்ல காரியம் அது.

அந்தச் சால்வைகளின் விலைக்குப் பத்துப் படப்புத்தகம் வந்திருக்கும். பொன்னாடை போர்த்தாமல் மனம் கேட்காது என்றால் ஒரு துண்டு போதும், அதையும் ஒரு பிள்ளை கையால் கொடுக்கட்டும்.

அறையை எப்படி ஏற்பாடு செய்வது?

மேடை வேண்டாம். ஜமுக்காளம் விரித்துப் பிறை வடிவில் உட்கார வையுங்கள், கடைசி வரிசை மூன்று கை தூரத்துக்குள் இருக்கட்டும். ஓவியருக்கு முழு வெள்ளைச் சார்ட் ஒரு பத்து, தடித்த கறுப்பு மார்க்கர் இரண்டு. மூடி திறந்து எழுதிப் பாருங்கள். ஸ்டேஷனரிக் கடையில் வாங்கும்போதே காய்ந்திருப்பது உண்டு. சார்ட்டைச் சுவரில் ஒட்டும்போது பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக ஒட்டுங்கள், நம் கண்ணுக்கு அல்ல. வலக்கைக்காரர் என்றால் பிள்ளைகள் அவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரையும் கை மறைத்துவிடும்.

புரொஜெக்டர் இருந்தால் போனை ஒரு ஸ்டாண்டில் கவிழ்த்து மாட்டி, வரையும் தாளைத் திரையில் காட்டலாம். கரண்ட் போனாலும் நடக்கிற மாதிரி சார்ட்டைத் தயாராகவே வையுங்கள். சில ஓவியர்கள் டேப்லெட்டில் வரைவார்கள். அவர்களிடமும் கொஞ்ச நேரமாவது காகிதத்தில் வரையக் கேளுங்கள்.

வந்தவரை எப்படிக் கூப்பிடுவது?

பிள்ளைகள் வாய்க்கு வந்தபடி. எங்கள் பிள்ளைகளுக்கு ஒருவர் "பூனை மாமா", ஒருவர் "சித்திர அக்கா". நரைமுடியோடு வந்தவர் அரைமணியில் "தாத்தா" ஆகிவிட்டார், அவருக்கு அதில் சந்தோஷம்தான். "சார்னு சொல்லு" என்று பின்னாலிருந்து திருத்தாதீர்கள். எது பிடிக்கும் என்று வந்தவரையே முதலில் கேட்டுக்கொள்ளலாம்.

பிள்ளைகள் ஏடாகூடமாகக் கேட்டுவிட்டால்?

கேட்கட்டும். "உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு?", "உங்க பல் ஏன் அப்படி இருக்கு?", "இதே ஜோக்கை ஏன் ரெண்டு புத்தகத்துல போட்டீங்க?" எல்லாமே வரும். மூன்றாவது கேள்வி கேட்ட பையன் அவர் புத்தகத்தை எவ்வளவு ஊன்றிப் படித்திருக்கிறான் பாருங்கள். அவர் அவன் கையைக் குலுக்கினார். முன்கூட்டியே கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்து "சார், தங்களுக்கு இந்த ஆர்வம் எவ்வாறு ஏற்பட்டது?" என்று ஒப்பிக்க வைத்தால், பதிலும் ஒப்பித்ததாகத்தான் வரும்.

கேள்வி கேட்கவே தயங்கும் பிள்ளைகளுக்கு ஒரு வழி: "உங்களுக்கு என்ன வரைய வராது?" என்று ஆரம்பித்துவையுங்கள். சைக்கிள் வராது, குதிரைக்கால் வராது, கைவிரல் வராது என்று எல்லா ஓவியருக்கும் ஒன்று உண்டு. உடனே பத்துக் கை மேலே போகும், "வரைஞ்சு காட்டுங்க!" என்று.

"இது நீங்க வரைஞ்சதா, ஏஐ வரைஞ்சதா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. எங்களுக்குச் சங்கடமாகிவிட்டது.

இன்றைய பிள்ளைக்கு அது நியாயமான கேள்வி. எங்களிடமும் வந்தது. வந்தவர் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தாளில் ஒரு கிறுக்கல் போடச் சொன்னார். அந்தக் கிறுக்கலில் ஒரு மூக்கைக் கண்டுபிடித்து, மூக்குக்கு ஒரு மூக்குக்கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கோபக்காரக் கோழி என்று இரண்டு நிமிஷத்தில் முடித்தார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. எல்லோருக்கும் கிறுக்க வேண்டியிருந்தது.

குசு, சளி என்று வரும் நகைச்சுவை சரியா?

எனக்குச் சரி. பிள்ளைகளுக்கு உடம்பு ஒரு பெரிய அதிசயம், அதிலிருந்து சத்தம் வருவது அதைவிட அதிசயம். யானை தும்மினால் சிரிக்காத பிள்ளை இல்லை.

எனக்குச் சரிப்படாதது வேறு. கறுப்பு நிறம், பருத்த உடம்பு, திக்குவாய், வழுக்கை, ஒருவருடைய தொழில், ஒருவர் பேசும் வட்டாரத் தமிழ், இவற்றைக் காட்டிச் சிரிக்க வைப்பது. நம் பழைய பத்திரிகைத் துணுக்குகளிலும் சினிமாவிலும் இது மலிந்து கிடந்ததால் நமக்கு உறுத்துவதில்லை. ஆனால் அந்த வகுப்பில் பருமனாக ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். எல்லோரும் சிரிக்கும்போது அது மட்டும் சுற்றிலும் பார்க்கும். நான் அழைக்கும் முன் புத்தகத்தைப் புரட்டும்போது இதைத்தான் முதலில் பார்ப்பேன்: கதையில் விழுகிறவர் யார், அவரைப் பார்த்துச் சிரிக்கிறவர் யார். பலசாலி வழுக்கி விழுந்தால், தான் பெரிய ஆள் என்று நினைத்தவன் மாட்டிக்கொண்டால், அது பிள்ளைகளின் பக்கம் நிற்கும் சிரிப்பு.

எழுதுவதும் வரைவதும் ஒருவரே என்பது புதுப் பழக்கமா?

இல்லை. எட்வர்ட் லியர் என்ற ஆங்கில ஓவியர், டெர்பி பிரபுவின் மாளிகையில் பறவைகளையும் விலங்குகளையும் வரையும் வேலையில் இருந்தபோது, அந்த வீட்டுப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கப் பாட்டுக் கட்டிப் படம் போட்டுக் கொடுத்தார். அது 1846இல் புத்தகமானது. பிள்ளைகளைச் சந்தித்ததில்தான் புத்தகமே பிறந்தது, அதனால் எனக்கு அவரைப் பிடிக்கும். பின்னாளில், 1873 முதல் 1875 வரை, இந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றி வரைந்துகொண்டிருந்தார்.

இங்கே காயங்குளத்தில் 1902இல் பிறந்த கார்ட்டூனிஸ்ட் சங்கர் இருக்கிறார். 'சங்கர்ஸ் வீக்லி' நடத்தி அரசியல்வாதிகளைக் கேலி செய்தவர், 1949இல் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி தொடங்கினார், 1957இல் டெல்லியில் சில்ரன்ஸ் புக் டிரஸ்ட்டை நிறுவினார், தானும் பிள்ளைகளுக்கு எழுதி வரைந்தார். கேலிச்சித்திரம் போடும் கைக்கும் குழந்தைப் புத்தகத்துக்கும் இருக்கும் உறவு அப்படி. கோட்டாலேயே சிரிக்க வைப்பது தமிழுக்கும் பழக்கம்தான். விகடனில் மாலி, கோபுலு படங்களைப் பார்த்துச் சிரித்த தாத்தா பாட்டிகள் உங்கள் பிள்ளைகளின் வீட்டிலேயே இருப்பார்கள். அவர்களையும் அன்றைக்கு வரச் சொல்லுங்கள்.

பிள்ளைகளையும் வரைய வைக்கலாமா? "எனக்கு வராது" என்கிறார்களே?

கட்டாயம் வரைய வையுங்கள். "எனக்கு வராது" என்பது யாரோ ஒருவர் "இது யானையா, எருமையா?" என்று கேட்ட பிறகு வந்த பேச்சு. அன்றைக்கு ஆசிரியர்கள் யாரும் பிள்ளைகளின் தாளில் கைவைக்கக் கூடாது என்பது எங்கள் ஒரே விதி.

நாங்கள் செய்வது ஒரே தாளில் ஒரு குட்டிப் புத்தகம். ஏ4 தாளை நீளவாக்கில் பாதியாக மடித்து விரியுங்கள். பிறகு குறுக்கே பாதியாக மடித்து, அதையே மறுபடி குறுக்கே பாதியாக்குங்கள். விரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். இப்போது குறுக்கே ஒருமுறை மட்டும் மடித்து, மடிந்த ஓரத்தின் நடுவிலிருந்து அடுத்த மடிப்புக்கோடு வரை கத்தரியுங்கள். விரித்தால் தாளின் நடுவில் ஒரு கீறல் இருக்கும். தாளை நீளவாக்கில் மடித்து இரண்டு முனையையும் உள்ளே தள்ளினால் கீறல் வாயைப் பிளந்து கூட்டல் குறி மாதிரி நிற்கும். ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்துங்கள். முன்னட்டை, பின்னட்டை, நடுவில் மூன்று விரிப்பு (எதிரெதிர் இரண்டு பக்கம் சேர்ந்தது ஒரு விரிப்பு).

மூன்று விரிப்பு ஒரு வேடிக்கைக்குச் சரியாக இருக்கும். முதலில் ஆள் யார் என்று காட்ட வேண்டும், அடுத்து சிக்கல், கடைசியில் யாரும் எதிர்பாராத ஒன்று. வந்தவர் இங்கே ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லிக் கொடுப்பார்: வலப்பக்கத்தில் ஆவலைத் தூண்டிவிடு, பதிலைத் தாளைத் திருப்பினால் வரும் இடப்பக்கத்தில் ஒளித்துவை. இன்னொன்று, நடுமடிப்பில் முகத்தை வரையாதே, மூக்கு மடிப்புக்குள் மாட்டிக்கொள்ளும். எங்கள் பெண் ஒருத்தி வேண்டுமென்றே நடுமடிப்பில் முதலையின் வாயை வரைந்தாள். புத்தகத்தை மூடித் திறந்தால் முதலை மெல்லுகிறது. வந்தவர் அதை வாங்கி ஐந்தாறு தடவை மூடித் திறந்து பார்த்துவிட்டு, "இதை நான் எடுத்துக்கட்டுமா, உன் பேரைப் போட்டு?" என்று கேட்டார்.

பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது எப்படி?

வந்தவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், வரையும்போதே வாயாலும் சொல்லிக்கொண்டு வரைவார்: "இப்ப வயிறு, பானை மாதிரி பெருசா. இப்ப காலு, தீக்குச்சி மாதிரி." கண் தெரிகிற பிள்ளைகளுக்கும் இது பிடிக்கும். கதையின் முக்கியமான உருவங்களைத் தடித்த அட்டையில் ஃபெவிகால் தடவி நூல் ஒட்டிக் காயவைத்தால் விரலால் தடவிப் பார்க்கலாம். முந்தின நாளே ஒட்டிவிடுங்கள், ஈரமாக இருந்தால் கையோடு வந்துவிடும்.

கையெழுத்தும் புத்தக விற்பனையும்?

விற்கலாம், தப்பில்லை. ஆனால் வாங்க முடியாத பிள்ளை ஓரமாக ஒதுங்கி நிற்கும்படி செய்துவிடாதீர்கள். பெற்றோருக்கு விலையை ஒரு வாரம் முன்பே தெரிவியுங்கள், பள்ளி சார்பில் சில பிரதிகளை வாங்கி வகுப்பு நூலகத்துக்கு வையுங்கள். கையெழுத்துக்குப் புத்தகம்தான் வேண்டும் என்பதில்லை, வெட்டிய சார்ட் துண்டு எல்லோருக்கும் ஒன்று கொடுத்துவிடுங்கள்.

எங்கள் வரிசையில் ஒரு பையன் கணக்கு நோட்டை நீட்டினான். ஏழாம் வாய்ப்பாடு எழுதிய பக்கம், பாதியில் சிவப்பு மையில் பெருக்கல் குறி. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்தச் சிவப்புக் குறிக்கு இரண்டு கண்ணும் மீசையும் வைத்தார். அது ஒரு சிவப்புச் சிலந்தி ஆனது. பக்கத்தில் ஒரு எலி, 56ஐத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. அவன் அந்த நோட்டை வகுப்பு முழுக்கக் காட்டினான். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது அந்த வகுப்பில் இன்றுவரை யாருக்கும் மறக்கவில்லை.

படம் எடுத்துப் போடலாமா?

வந்தவரிடமும் பெற்றோரிடமும் முன்பே கேட்டு. பிள்ளைகளின் முகமும் பெயரும் பள்ளியும் சேர்ந்து வெளியே போகக் கூடாது. வரைந்த தாளையும் கைகளையும் எடுத்தால் போதும். வந்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அறையில் ஆசிரியர் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும்; வருகிறவர்களும் அதையே விரும்புகிறார்கள்.

கடைசி நேரத்தில் வர முடியாமல் போனால்?

வீடியோ அழைப்பு வையுங்கள், இருபது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், கேமரா அவர் முகத்தை விட அவர் மேஜையைக் காட்டட்டும். அதுவும் முடியாவிட்டால் அன்றைக்குக் குட்டிப் புத்தகம் செய்யுங்கள். பிள்ளைகளை ஏமாற்றத்தோடு வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

சந்திப்பு முடிந்த பிறகு?

ஒரு வாரத்துக்குள் பிள்ளைகளைக் கடிதம் எழுத வையுங்கள். "மதிப்பிற்குரிய ஐயா" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு எல்லோரையும் பார்த்து எழுத வைத்தால் முப்பது கடிதமும் ஒரே கடிதமாக இருக்கும். தாளை மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். எங்கள் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுதியது: "உங்க யானைக்கு 11ஆம் பக்கத்துல வால் இல்ல. நான் வரைஞ்சு அனுப்பியிருக்கேன். ஒட்டிக்கோங்க." கூடவே சின்னதாக வெட்டிய ஒரு வால், குஞ்சத்தோடு. நாங்கள் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். உண்மைதான், இல்லை.

எல்லாக் கடிதத்தையும் ஒரே கவரில் போட்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். வால் மாதிரி ஏதாவது இருந்தால் தனியாக ஒரு சின்ன உறையில் வைத்து ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கவரை உதறும்போது கீழே விழுந்துவிடும்.